அமெச்சூர் என்பது இழிசொல்லா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

 

"அவர் வெறும் அமெச்சூர்தானே" என்று ஒருவரைப் பற்றி நாம் சொன்னால், அவரை ஒரு படி கீழே இறக்கிவிட்டோம் என்று பொருள். நாடகத்தில் அமெச்சூர் என்றால் வசனம் மறப்பவர். பாட்டில் அமெச்சூர் என்றால் சுருதி விலகுபவர். படிப்பில் அமெச்சூர் என்றால் அரைகுறை. ஆனால் அச்சொல் பிறந்த இடத்தைத் தேடிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இலத்தீன் மொழியில் அன்பு செலுத்துபவரைக் குறித்த சொல் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்து, அங்கிருந்து நம் ஊர் நாடக சபைகளின் பெயர்ப் பலகைகள் வரை வந்து சேர்ந்தது. பிழைப்புக்காக அன்றிப் பிரியத்துக்காக ஒன்றைச் செய்பவரே அமெச்சூர். பிரியம் எப்பொழுது இழிவாயிற்று?

இந்தக் கேள்வி என் உள்ளத்தில் எழக் காரணமாக இருந்தவர்கள் நம் பாடநூல்களில் இடம்பெறாதவர்கள். பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஒருவகை ஆட்டத்தைப் பற்றி, தம் வீட்டு அறையில் அமர்ந்து பேசி, அதை யூடியூபில் ஏற்றி வைக்கும் சாதாரண மனிதர்கள். "ஆட்டத்தைப் பற்றிய பேச்சா? இதற்கும் கல்லூரி மலருக்கும் என்ன உறவு?" என்று சிலர் கேட்கலாம். உறவு உண்டு என்பதே என் கருத்து. பொறுமையாகக் கேட்டபின் தீர்ப்புச் சொல்ல வேண்டுகிறேன்.

சுளகும் செல்பேசியும்

என் ஊர் முக்கூடலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூர். என் தாயார் பீடி சுற்றுகிறார். கல்லூரி விட்டு மாலையில் வீடு சேர்ந்ததும் நானும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அவர் அருகில் அமர்வது வழக்கம். இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடக்கி, நூல் சுற்றிக் கட்ட வேண்டும். இந்த வேலைக்குக் கையும் கண்ணும் போதும். காது சும்மா இருக்கும். கியூபா நாட்டுச் சுருட்டு ஆலைகளில் 1865-ஆம் ஆண்டு முதல் ஒரு நல்ல வழக்கம் இருந்து வருகிறது. தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உயரமான இடத்தில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்கான ஊதியத்தைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அந்த வாசகரின் இடத்தில் இருப்பது, சுளகின் விளிம்பில் சாய்த்து வைத்த ஒரு செல்பேசி.

ஒருநாள் பாடம் தொடர்பாக நிகழ்தகவு பற்றித் தேடியபோது, பகடை பற்றிய ஒரு காணொலி கண்ணில் பட்டது. பேசியவர் ஒரு வெளிநாட்டுக்காரர். பின்னால் ஒரு புத்தக அலமாரி. வெளிச்சம் சரியில்லை. நடுவில் நாய் குரைத்தது. அவர் பேச்சைத் தொடங்கிய விதந்தான் என்னை நிறுத்தியது. "நான் முதன்முதலாக நடத்திய ஆட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது என்று சொல்கிறேன்" என்று அவர் ஆரம்பித்தார். அவருடைய ஆங்கிலம் எனக்கு ஒரே முறையில் விளங்கவில்லை. பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். வேகத்தைக் குறைத்து, எழுத்து வடிவத்தையும் திரையில் ஓடவிட்டு, மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கும்போது என் தாயார் தலைநிமிர்ந்தார்.

"ஏட்டி, யாரு இவரு? வாத்தியாரா?"

"இல்லம்மா. இவரும் நம்மள மாதிரி விளையாடுறவருதான்."

"அப்படின்னா சரியாத்தான் சொல்வாரு. எனக்குப் பீடி சுத்த யாரு சொல்லித் தந்தா? கம்பெனிக்காரனா சொல்லித் தந்தான்? பக்கத்துல இருந்த மதினிதான சொல்லித் தந்தா. அவளுக்கும் முந்தின வருசந்தான் கை படிஞ்சிருந்துச்சு. அதனால எங்க விரல் வழுக்கும்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த கருத்து முழுவதையும் எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார் அன்றே சொல்லிவிட்டார். இனி நான் எழுதுவது அதற்கு உரை மட்டுமே.

கதையாட்டம் என்பது யாது?

ஆட்டத்தை அறியாத நண்பர்களுக்காகச் சில வார்த்தைகள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஜெனிவா ஏரி என்னும் சிற்றூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ் என்பவரும், டேவ் ஆர்னசன் என்பவரும் சேர்ந்து 1974-ஆம் ஆண்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' என்பார்கள்; நான் அதைக் கதையாட்டம் என்று அழைக்கிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். "கொற்கைத் துறையில் இரவோடு இரவாக முத்து மூட்டை காணாமற் போயிற்று. காவலன் தூங்குகிறான். என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். "நான் மதிலேறிக் குதிக்கிறேன்" என்பார் ஒருவர். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பெரும்பாலும் இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். இதில் வென்றவர், தோற்றவர் என்று பிரிவில்லை. கதை மட்டும் வளரும்.

தாயம் ஆடிப் பழகிய நமக்கு இதில் அந்நியம் ஒன்றுமில்லை. கீழடி அகழாய்வில் பகடைக்காய்களும் ஆட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. ஆடுவது நம் மண்ணுக்குப் பழைய பழக்கம். என் ஆச்சி திண்ணையில் கட்டம் வரைந்து தாயம் உருட்டும்போது ஆடுபவர் நால்வர் என்றால் சுற்றி நின்று பேசுபவர் எண்மர். "வெட்டு, வெட்டு!" என்பார் ஒருவர். "அவசரப்படாதே, முதலில் காயைப் பழம் ஆக்கு" என்பார் இன்னொருவர். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் தாயம் கற்றேன். விதிப் புத்தகம் எதுவும் எங்கள் தெருவில் இருந்ததில்லை. ஆட்டமும் அதைப் பற்றிய பேச்சும் ஒட்டிப் பிறந்தவை. ஆடுபவர் இருக்கும் இடத்தில் பேசுபவர் இருந்தே தீருவார்.

கதையாட்டத்தின் பிறப்பே அமெச்சூர்களின் கையால் ஆனது. கைகாக்ஸ் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலை போனபின் செருப்புத் தைத்துக்கொண்டே ஆட்டங்களை எழுதியவர். முதற் பதிப்பு ஆயிரம் படிகள். அட்டைப் பெட்டிகளில் கையாலேயே அடுக்கி விற்றார்கள். அடுத்த ஆண்டே, 1975-இல், கலிபோர்னியாவில் லீ கோல்ட் என்னும் பெண்மணி 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். ஆடுபவர்கள் தாங்கள் ஆடியதையும், விதியில் இடறிய இடத்தையும், கண்டுபிடித்த மாற்றையும் பக்கங்களாக எழுதி அனுப்புவார்கள். அவர் தொகுத்து அனைவருக்கும் அனுப்புவார். நம் ஊர்களில் இளைஞர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஆர்வம், அதே ஏழ்மை, அதே எழுத்துப் பிழைகள். அந்த இதழ் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வந்தது. இன்றைய காணொலிப் பேச்சாளர்கள் அந்தக் கடிதக்காரர்களின் வாரிசுகள்; தாளும் மையும் போய்க் காமிரா வந்திருக்கிறது, அவ்வளவே.

நம் ஊர் வட்டத் தொட்டி

"வெளிநாட்டுக் கதை போதும், நம் ஊரில் இப்படி உண்டா?" என்று கேட்பவர்களுக்கு, உண்டு என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை (1882-1954) அறியாத திருநெல்வேலிக்காரர் இருக்கமாட்டார். அவர் படித்தது சட்டம். தமிழ்ப் புலவர் பட்டம் பெற்றவர் அல்லர். எனினும் திருநெல்வேலியில் அவர் வீட்டில் நண்பர்கள் கூடிக் கம்பனை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் சுவைத்த 'வட்டத் தொட்டி' தமிழிலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அங்கே வக்கீல் இருந்தார், அரசு அலுவலர் இருந்தார், பத்திரிகைக்காரர் இருந்தார். கம்பனை இலக்கணத்திற்கு எடுத்துக்காட்டாகப் பார்க்காமல், பக்கத்தில் அமர்ந்து பேசும் மனிதனாகப் பார்க்க வைத்தவர்கள் அவர்கள். பட்டம் பறிகொடுத்திருந்த சுவையை அந்தப் பிரியம் மீட்டுக் கொடுத்தது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பராமாயணப் பாடல்கள் பலவற்றை "இவை கம்பன் பாடியவை அல்ல" என்று அவர் ஒதுக்கினார்; சில சொற்களைத் தம் செவி சொன்னபடி திருத்தவும் செய்தார். புலவர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள். சுவடிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒழுங்கு இல்லாமல், சுவை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாமா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அமெச்சூரின் பெருமையும் அமெச்சூரின் ஆபத்தும் ஒரே மனிதரிடம், ஒரே வீட்டில், நம் ஊரிலேயே இருந்தன. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் ஆரத்தி மட்டும் எடுக்கப் போவதில்லை.

அவர்கள் பேச்சின் பயன் என்ன?

முதற் பயன், அவர்கள் தடுமாறிய படியை மறக்காதவர்கள். துறையில் முப்பது ஆண்டு ஊறியவருக்கு எது கடினம் என்பதே மறந்துபோகும். "இது எளிது" என்று அவர் தாண்டிச் செல்லும் இடத்தில்தான் நம் கால் மாட்டிக்கொள்ளும். அமெச்சூர் நேற்றுத்தான் அந்த இடத்தில் விழுந்து எழுந்தவர். முழங்காலில் காயம் இன்னும் ஆறவில்லை. அதனால் அவர் நம் கையைச் சரியான இடத்தில் பிடிக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் காரியம் வெற்றி என்று வைத்துக்கொள்வோம். 15 முதல் 20 வரை ஆறு எண்கள், இருபதில் ஆறு, அதாவது 30 விழுக்காடு. ஆட்டத்தில் 'சாதகம்' என்றொரு விதி உண்டு. சூழ்நிலை நமக்கு ஏற்றதாக இருந்தால் பகடையை இருமுறை உருட்டி, மேலானதை எடுத்துக்கொள்ளலாம். இப்போது வெற்றி வாய்ப்பு எவ்வளவு? "இருமுறை 30, ஆகவே 60" என்று நான் சட்டென்று முடிவு கட்டினேன். கணிதம் படிக்கும் மாணவி நான்! காணொலியில் பேசியவர், "நானும் ஓராண்டுக் காலம் 60 என்றே நம்பியிருந்தேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு விளக்கினார். இரண்டு முறையும் தோற்றால்தான் தோல்வி. ஒருமுறை தோற்கும் வாய்ப்பு இருபதில் பதினான்கு. இரண்டு முறையும் தோற்கும் வாய்ப்பு அதன் வர்க்கம், அதாவது 49 விழுக்காடு. எனவே வெற்றி 51 விழுக்காடு. இதே சூத்திரம் எங்கள் பாடநூலிலும் இருக்கிறது. ஆனால் '60 என்று நினைப்பாய், நினைக்காதே' என்ற எச்சரிக்கை பாடநூலில் இல்லை.

அன்றிரவே தாயத்தையும் கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டு தாயக்கட்டைகளில் ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். மொத்தம் பதினாறு விதமாக விழலாம். தாயம் விழ, ஒன்றில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் வரவேண்டும். அது இரண்டு வழிகளில் நடக்கும். ஆகவே எட்டில் ஒரு பங்கு. "தாயம் விழாம அரைமணி நேரம் காத்துக் கிடந்தேன்" என்று ஆச்சி புலம்பியதற்குக் கணக்கு கிடைத்துவிட்டது. விளையாட்டுப் பேச்சிலிருந்து பாடத்திற்கும், பாடத்திலிருந்து என் வீட்டுத் திண்ணைக்கும் ஒரு பாலம் விழுந்தது.

இரண்டாம் பயன், அவர்கள் ஆட்டத்தை நம் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொழில்முறைக் குரல் நடிகர்கள் சிலர் 'கிரிட்டிகல் ரோல்' என்ற பெயரில் தாங்கள் ஆடும் ஆட்டத்தையே இணையத்தில் காட்டத் தொடங்கினார்கள். உலகெங்கும் அதற்கு இரசிகர்கள் உண்டு. அது சிறந்த கலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டுத் தம் வீட்டு ஆட்டமும் அப்படியே இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்துப் புதியவர்கள் சோர்ந்து போவதாக, ஆடுபவர்களிடையே நெடுநாளாகப் பேச்சு உண்டு. சினிமாப் பாட்டைக் கேட்டுவிட்டுக் கல்யாண வீட்டில் பாட வெட்கப்படும் பெண்ணின் நிலை போன்றது இது. அமெச்சூர் பேச்சாளர் அந்த வெட்கத்தை நீக்குகிறார். "குரலை மாற்றிப் பேச வராதா? பரவாயில்லை. பகடை வாங்கக் காசில்லையா? சீட்டு எழுதிக் குலுக்கு" என்கிறார்.

அப்படித்தான் நாங்கள் தொடங்கினோம். ஒன்று முதல் இருபது வரை எழுதிய தாள்துண்டுகள், ஒரு காலி டிபன் பெட்டி, மதிய இடைவேளை, வகுப்பறைக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்து நிழல், நான்கு தோழியர். எடுத்த சீட்டை மறுபடி பெட்டியில் போட்டுக் குலுக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. இல்லாவிட்டால் வாய்ப்புக் கணக்கு மாறிவிடும். வகுப்பில் வாய் திறக்காத ஒரு தோழி, கொற்கைத் துறையின் சுங்க அதிகாரியாக மாறி எங்களை மிரட்டிய அழகை நாங்கள் இன்னும் பேசிச் சிரிக்கிறோம்.

மூன்றாம் பயன் சற்றுப் பெரியது. பேசத் தெரிந்த ஆர்வலர் கூட்டம் இருந்தால், பொதுச் சொத்து காக்கப்படும். 2000-ஆம் ஆண்டு, அந்த ஆட்டத்தை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், விதிகளின் அடிப்படைப் பகுதியை யாரும் பயன்படுத்தித் தம் சொந்தப் படைப்புகளை வெளியிடலாம் என்று ஒரு திறந்த உரிமத்தை வழங்கியது. அதை நம்பிச் சிறு எழுத்தாளர்களும் சிறு பதிப்பகங்களும் வளர்ந்தன. 2023 ஜனவரியில், அந்தப் பழைய உரிமத்தை விலக்கி, அதிக வருமானம் ஈட்டுவோரிடம் பங்கு கேட்கும் புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. சட்ட மொழியில் இருந்த அந்த வரைவைச் சாதாரண ஆட்டக்காரர்களுக்கு வரிவரியாக விளக்கியவர்களில் காணொலிப் பேச்சாளர்கள் முன்னணியில் நின்றார்கள். எதிர்ப்புப் பெருகிற்று. பலர் தாங்கள் கட்டிவந்த சந்தாவை நிறுத்தினார்கள். அதே மாதம் 27-ஆம் நாள் நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமம் அப்படியே இருக்கும் என்றது. அத்துடன் ஏறத்தாழ நானூறு பக்கமுள்ள அடிப்படை விதித் தொகுப்பை, திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உலகுக்கு அளித்தது.

இதன் பொருள் என்ன தெரியுமா? மூலத்தை உரியவாறு குறிப்பிட்டுவிட்டு, அந்தத் தொகுப்பை எவரும் படியெடுக்கலாம், மாற்றி எழுதலாம், மொழிபெயர்க்கலாம். திருநெல்வேலியில் இருக்கும் நாமும் அதைத் தமிழில் தரலாம். யாரிடமும் கைகட்டி நின்று அனுமதி கேட்க வேண்டியதில்லை. எங்கோ தம் அறைகளில் அமர்ந்து பேசியவர்கள், முகம் தெரியாத நமக்கும் சேர்த்து ஒரு கதவைத் திறந்து வைக்க உதவியிருக்கிறார்கள்.

குறைகள் இல்லையா?

உண்டு. ஏராளமாக உண்டு. பத்து நிமிடத்தில் சொல்லக்கூடியதை ஒரு மணி நேரம் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். விதியைப் படிக்காமலே விதியைத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பவர் எண்ணிக்கை கூடக் கூட, பிரியத்துக்காகப் பேசத் தொடங்கியவர் விளம்பரத்துக்காகப் பேசுபவராக மாறுவதும் உண்டு. அன்று முதல் அவர் அமெச்சூர் அல்லர். சண்டை மூட்டினால் கூட்டம் சேரும் என்று கண்டு சண்டையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு.

இவற்றுக்கு மருந்து காதைப் பொத்திக்கொள்வது அன்று. ரசிகமணிக்குப் புலவர்கள் செய்ததைத்தான் நாமும் செய்யவேண்டும். மூலத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பேச்சாளர் ஒரு விதியைச் சொன்னால் விதித் தொகுப்பைத் திறந்து பாருங்கள். ஒரு கணக்கைச் சொன்னால் தாளில் போட்டுப் பாருங்கள். பேச்சைக் கேட்டு நிறுத்திக்கொள்வதும் தவறு. நீச்சலைப் பற்றி நூறு பேச்சுக் கேட்டவனைத் தாமிரபரணி தூக்கிப் பிடிக்காது. நானே ஆறு மாதம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன், ஆடவில்லை. அந்த ஆறு மாதத்தில் கற்றதைவிட, வேப்பமரத்தடியில் ஒரு வாரத்தில் கற்றது அதிகம். நல்ல அமெச்சூருக்கு ஓர் அடையாளம் உண்டு. அவர் பேச்சு முடியும்போது, 'போய் ஆடு' என்று நம்மை எழுப்பி அனுப்புவார். எழவிடாமல் அடுத்த பேச்சுக்கு இழுப்பவரை நம்ப வேண்டாம்.

பேசத் தகுதி யாருக்கு?

இனி, இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். என் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். இந்த நிலையில் உள்ளவர்கள் நம் கல்லூரியில் பலர் இருக்கிறோம். நமக்குள் ஒரு நோய் உண்டு. அதை வெளியில் சொல்வதில்லை. வகுப்பில் "புரிகிறதா?" என்று ஆசிரியர் கேட்டதும் எல்லாரும் தலையை ஆட்டுவோம். புரியவில்லை என்று சொன்னால், 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி நம் காதில் ஓயாமல் ஒலிக்கிறது. கற்றறிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு ஐயம் வந்தால் உணவு உண்ணும் நேரத்தில் தந்தையிடம் கேட்டுக்கொள்ளும். நமக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் நம்மைவிடப் படித்தவர் இல்லை. கல்லூரியில் வாய் திறக்கத் துணிவில்லை. ஐயம் நம்முடனே வளர்ந்து நம்முடனே தேர்வறைக்கு வருகிறது.

இந்தப் பருவத்தில் எங்கள் துறையில் கருத்தரங்கு நடந்தது. ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேசவேண்டும். என் முறை வருவதற்கு முந்தின நாள் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அன்றிரவு சுளகின் முன் அமர்ந்திருந்தபோது, அந்தக் காணொலி மனிதரின் முதல் வரி நினைவுக்கு வந்தது. அவரிடம் பட்டம் இருந்ததா என்று நான் கேட்கவில்லையே! தான் செய்த தவற்றைத் தானே சொன்னதால்தானே அவரை நம்பினேன்?

மறுநாள் மேடையேறி, "நான் கணிதம் படிக்கிறேன். ஆனால் முப்பதும் முப்பதும் அறுபது என்று ஒரு தவறு செய்தேன். அது ஏன் தவறு என்று சொல்கிறேன்" என்று தொடங்கினேன். கை நடுங்கியது, சுண்ணக்கட்டி ஒருமுறை கீழே விழுந்தது. ஆனால் 49 என்று கரும்பலகையில் எழுதியபோது பின்வரிசையில் ஒருத்தி, "ஐயோ, நானும் அறுபதுன்னுதான் நெனச்சேன்" என்று உரக்கவே சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அடுத்தடுத்து நான்கு பேர் கேள்வி கேட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் எங்கள் வகுப்பில் ஒரே மணி நேரத்தில் நான்கு கேள்விகள் எழுந்ததை நான் பார்த்ததில்லை. பேராசிரியர், "அடுத்த வாரமும் யாராவது தங்கள் தவறோடு வாருங்கள்" என்றார். எனக்குக் கிடைத்த பரிசு அது.

முடிவாக

பேராசிரியர்களின் இடத்தை அமெச்சூர்கள் நிரப்ப முடியாது, நிரப்பவும் வேண்டாம். சுவடியை ஒப்பிடும் புலவரும் வேண்டும்; சுவையைச் சொல்லும் வட்டத் தொட்டியும் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் ஆறு ஒன்றுதான் என்றாலும், அதை வயலுக்குள் கொண்டு சேர்க்க வாய்க்கால்கள் தேவை. கற்றவரின் அறிவு ஆறு என்றால், பக்கத்தில் இருப்பவரின் பேச்சு வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் சற்றுக் கலங்கித்தான் வரும். அதற்காக வாய்க்காலைத் தூர்த்துவிட்டால் பயிர் என்ன ஆகும்?

தோழர்களே, தோழியரே! ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். இதுவரை நான் கேட்ட பேச்சுகள் ஆங்கிலத்தில் இருந்தன. நாம் தமிழில் பேசுவோம். கதையாட்டத்தின் விதிகளைத் தமிழில் தர நமக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பணியில் நான்கு பக்கமாவது முடிப்போம். நம் ஆச்சிமார் ஆடும் தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் ஊருக்கு ஊர் விதி மாறுகிறது. அவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்வோம். பொதிகையும் கொற்கையும் வரும் கதைகளை நாமே நடத்துவோம். அதில் தவறு வரும். வரட்டும். அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் வந்து அமரப்போகும், வீட்டில் கேட்க ஆளில்லாத ஒரு பெண்ணுக்கு நாம் செய்த அந்தத் தவறே வழிகாட்டியாகும்.

இந்தக் கட்டுரையை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மதினி பேரைப் போடலையா?" என்றார். அவர் பெயரை அச்சில் போட அவர் ஒப்பவில்லை. ஆகவே பெயர் சொல்லாமல், பக்கத்தில் அமர்ந்து கற்றுத் தந்த எல்லா மதினிமார்க்கும் என் வணக்கம்.